ஏரி நடுவில் விட்ட திட்டு

"மேடம், ஏரிக்கு நடுவால ஒரு மண்ணு திட்டு நிக்குது. சுத்தியும் கல்லு அடுக்கி வச்சிருக்காங்க. சாமி எதுனா இருக்குதா? இல்லன்னா எடுத்து மட்டம் பண்ணிடறன்."

போன மாதம் ஒரு காலையில் ஜேசிபி ஓட்டுநர் ஒருவர் என்னைப் போனில் அழைத்து இப்படிக் கேட்டார். அலுவலகத்தைத் திறந்து பாதி கூட்டியிருந்தேன். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "தொடாத. நான் வர வரைக்கும் வண்டிய நிறுத்து" என்றேன். சொன்ன பிறகு, பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷ ஊராட்சிச் செயலர் வேலையில் நான் யாரையும் எதையும் நிறுத்தச் சொன்னதில்லை. "பார்க்கலாம்", "மேலே கேட்டுச் சொல்கிறேன்", "திங்கட்கிழமை வாங்க" என்ற மூன்றை வைத்தே காலம் தள்ளியவள். என் மேசைக்கு எதிரே வந்து நின்ற எல்லோருக்கும் அது தெரியும். எல்லோரையும்விட நன்றாக அது தெரிந்தவர் என் நாத்தனார்.

அந்தத் திட்டில் சாமி எதுவும் இல்லை. எங்கள் ஏரி கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கச்சிராயபாளையம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மலையில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி இதில் வந்து விழும். கோடையில் தரை வெடித்துக் கிடக்கும்போது நடுவில் அந்தத் திட்டு தனியாகத் தெரியும். இரண்டு பேர் கைகோத்தால் வளைத்துவிடலாம். உயரம் என் தோள் அளவு. தலையில் கொஞ்சம் அறுகம்புல். மழைக்குக் கரைந்துவிடாமல் சுற்றிலும் கல் அடுக்கியிருக்கும். அதன்மேல் யாரும் ஒரு கூடை மண்கூடக் கொட்டி உயர்த்தவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது; சுற்றியிருந்த தரை வருஷத்துக்கு வருஷம் கீழே போனது. தரையைக் கீழே இறக்கியவர்கள் நூறு நாள் வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்கள். திட்டை நிற்கவைத்தவர் என் நாத்தனார்.

அவர் என் கணவருக்கு மூத்தவர். நான் 'அண்ணி' என்று கூப்பிடுவேன். கட்டிக்கொண்டவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அண்ணி ஒரு தகரப்பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து முன்னறையில் தனி அடுப்பு வைத்துக்கொண்டார். தம்பி எவ்வளவு சொல்லியும் எங்கள் அடுப்பில் சாப்பிடவில்லை. அது ரோஷம் என்று என் கணவர் சொல்வார். நான் சமைப்பது சுத்தமாக இல்லை என்பதுதான் காரணம் என்று நான் சொல்வேன். இரண்டும் உண்மையாக இருந்திருக்கலாம். சுத்தத்தில் அவர் ஒரு பைத்தியம். வாசலை நான் கூட்டினால் பின்னாலேயே வந்து இன்னொரு முறை கூட்டுவார். சனிக்கிழமைகளில் மாதா கோயிலைக் கழுவிவிடுகிற முறை யாருடையதாக இருந்தாலும் இவர் போய் நிற்பார். சாமியாரே ஒருநாள், "யம்மா, தரை தேஞ்சி போயிடும், போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் துலக்கிக் கவிழ்த்த பாத்திரங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடி சாம்பல் போட்டுத் தேய்ப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்லித் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

காலையில் ஒரே வீட்டிலிருந்து இருவரும் ஒரே ஏரிக்குப் புறப்படுவோம். நான் குடையோடு கரைமேல். அவர் மண்வெட்டியோடு உள்ளே. கரும்பு வெட்டு முடிந்து அடுத்த மழை வரும்வரை எங்கள் பக்கத்தில் நிலமில்லாதவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. கழனிக்காரர்கள் கூப்பிட்டால் களையெடுப்பு உண்டு. கூப்பிடவேண்டும் என்றால் முந்தின நாளே அவர்கள் வாசலில் போய் நிற்கவேண்டும். அவர்கள் வீட்டு வேலை எதையாவது சும்மா செய்து கொடுக்கவும் வேண்டும். "யாரு வூட்டு வாசல்லியும் போய் நிக்காம கெடைக்கிற வேலை இது ஒண்ணுதான்" என்று அண்ணி அடிக்கடி சொல்வார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி, "இன்னா, உக்காந்துட்டு வர வேலைக்குக் கெளம்பிட்டீங்களா?" என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில் ஊரில் பிரசித்தம். "நீ வந்து ஒரு கூடை தூக்கு. உன் பெஞ்ச நான் பாத்துக்கறன்."

பல வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் ஏரியின் ஒரு பக்கத்தை ஆழப்படுத்தும் வேலை. அளந்து சுண்ணாம்புக் கோடு போட்ட ஓவர்சியர், ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு சிறு வட்டம் போட்டு, "இதை மட்டும் தோண்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று சொல்லவில்லை. வேலை முடிந்து அளக்கும்போது, தோண்டாமல் விட்ட அந்தத் திட்டின் தலைதான் பழைய தரை. அங்கிருந்து டேப்பை இறக்கினால் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எனக்கு இது தெரியும். பயிற்சிக்குப் போனபோது படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். பெண்களுக்குத் தெரியாது; வருகைப் பதிவேடு எழுதிய பெண்ணுக்கும் தெரியாது. ஓவர்சியர் ஏதோ காரணமாகச் சொல்கிறார் என்று வட்டத்தை விட்டுச் சுற்றிலும் வெட்டினார்கள். ஆறு நாளில் முழங்காலுக்கு மேல் ஆழம் வந்தது. இதற்குள் அந்த ஓவர்சியருக்கு மாற்றல் வந்து புதியவர் ஒருவர் வந்துவிட்டார். அவர் மறுநாள் அளக்க வருகிறார் என்று நான்தான் கரைமேல் நின்று அறிவித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாக்கறதுக்கு எடம் நல்லா இருக்கணும்" என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்தேன். அலுவலகத்தில் எனக்குச் சொன்னதை அப்படியே இறக்கி வைப்பது என் பழக்கம்.

ஆள் வருகிறார் என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் செய்கிற முதல் காரியம் வாசலைக் கூட்டுவது. ஏரி அன்று அவர்களுக்கு வாசலாகிவிட்டது. அண்ணி இடுப்பில் கைவைத்துக் குழிகளைப் பார்த்தார். "இன்னாது இது, மொட்ட மொட்டயா நிக்குது? வரவரு பாத்தா இன்னா நெனப்பாரு, வேலைய அரகொறயா வுட்டுட்டோம்னு நெனக்க மாட்டாரு?" என்றார். மண்வெட்டிகள் எழுந்தன. அரை மணி நேரத்தில் எல்லாத் திட்டுகளும் போயின. குழிக்குக் குழி நடுவே நின்ற வரப்புகள் போயின. ஓரங்களைச் சீவிச் சரிவாக்கினார்கள். அந்த மண்ணையும் கூடையில் அள்ளிக் கரையில் கொட்டி, தரையைத் தென்னங்கீற்றால் இழுத்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லும்படி ஏரித் தரை ஒரே மட்டமாகக் கிடந்தது. அண்ணி முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

நான் கரைமேல் குடையைப் பிடித்தபடி அவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் திட்டில் மண்வெட்டி விழுந்தபோதே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. காரணத்தை இப்போது எழுதுவதற்குக் கை கூசுகிறது. அன்று காலை அண்ணி என் குழம்புச் சட்டியை மறுபடி தேய்த்திருந்தார். அதுவும் என் அம்மா வந்திருந்த நாளில், அம்மாவின் கண்ணெதிரே. 'எல்லாம் தெரிந்தவர்தானே, இதுவும் தெரியட்டும்' என்று நினைத்தேன். ஒரு குழம்புச் சட்டிக்காக அறுபது பெண்களின் ஆறு நாள் உழைப்பு மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அளக்க வருகிறவர் எப்படியாவது பார்த்துக்கொள்வார் என்று மனத்துக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

புதிய ஓவர்சியர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்த இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. தரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்தார். "இதுல எங்க தோண்டினீங்க?" பெண்கள் கரையில் கொட்டிய மண்ணைக் காட்டினார்கள். அது போன வருஷ மண் என்றார். இங்கே திட்டு விட்டிருந்தோம், நேற்றுதான் மட்டம் செய்தோம் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "செயலர், நீங்க சொல்லுங்க. திட்டு இருந்துச்சா?"

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். இருந்தது என்றால், எடுக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும். "நான் கவனிக்கல சார்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். வேலையே நடக்காமல் வருகை போட்டிருக்கிறார்கள், இந்த ஊருக்கு வேலையை நிறுத்திவைக்கலாம் என்று எழுதிவிடப் போவதாகச் சொன்னார். அவர் எழுதினால் அது நடக்கும். இரண்டு ஊர் தள்ளி அப்படி நின்ற வேலை அடுத்த கோடைவரை திரும்பவில்லை.  அறுபது பேரும் மறுபடி யார் வாசலில் போய் நிற்பது என்று அந்த நிமிஷமே யோசிக்க ஆரம்பித்ததை முகங்களில் பார்த்தேன்.

அண்ணி முன்னால் வந்தார். "சார், மட்டம் பண்ணச் சொன்னது நானு. தப்பு என்னுது. இவுங்க மேல எழுதாதீங்க." குரலில் கெஞ்சல் இல்லை. பாத்திரத்தில் கறை இருக்கிறது என்று காட்டுவதைப் போலச் சொன்னார். பிறகு கையை நீட்டி, வெட்டாத பக்கத்தைக் காட்டினார். "அதோ, யாரும் கைவெக்காத தரை. எந்த எடம்னு நீங்களே கோடு போடுங்க. நடுவுல நீங்களே வட்டம் போடுங்க. நாங்க இன்னிக்கே தோண்டறோம். நீங்க இங்கியே உக்காந்து பாருங்க. சாயங்காலம் அளங்க. ஒரு நாள்ல எவ்ளோ தோண்டறோம்னு தெரிஞ்சா, ஆறு நாள்ல எவ்ளோ தோண்டியிருப்போம்னு உங்களுக்கே கணக்கு வந்துடும்."

அதற்கெல்லாம் தனக்கு நேரமில்லை என்று அவர் வண்டியைப் பார்த்தார். அவருடைய வண்டியைச் சுற்றி, கூடை தூக்க முடியாத வயதில் தண்ணீர் கொடுக்கும் வேலை செய்யும் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்திருந்தார்கள். யாரும் வண்டியைத் தொடவில்லை, சாவியைத் தொடவில்லை. உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அண்ணி புளியமரத்தடிக்குப் போனார். கைக்குழந்தைகளைப் படுக்கவைக்கக் கொண்டுவந்திருந்த கோரைப்பாய் ஒன்றை எடுத்து நாலு முறை உதறினார். மரத்தடியை முந்தானையால் தட்டிச் சுத்தம் செய்து பாயை விரித்தார். "வாங்க சார். பாய் போட்டிருக்கன். குந்துங்க. நெழலு நல்லா இருக்கும்." விருந்தாளியைக் கூப்பிடுகிற அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல அந்த மனுஷருக்கு வழி தெரியவில்லை. போய் உட்கார்ந்தார்.

அன்று நான் பார்த்த வேலையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் கோடு போட்டது நல்ல இறுகிய களிமண் தரையில். மேலே ஒரு சாண் ஆழத்துக்குச் சுக்கான்கல். கடப்பாரை போட்டால் பொறி பறந்தது. பத்துப் பத்துப் பேராக மாறி மாறி இறங்கினார்கள். ஒருத்தி நிமிர்ந்தால் இன்னொருத்தி அந்தக் கடப்பாரையை வாங்கினாள். பேச்சே இல்லை. வழக்கமாக மாமியார் கதை, மருமகள் கதை, நேற்றைய சீரியல் எல்லாம் ஓடுகிற இடத்தில் இரும்பு மண்ணில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் உச்சிக்கு வந்தபோது அண்ணி தன் தூக்குவாளியிலிருந்து கேழ்வரகுக் கூழை ஊற்றி, மோர்மிளகாயோடு ஓவர்சியருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். டம்ளரை அவர் எதிரிலேயே மூன்று முறை கழுவினார். அவர் குடித்தார். குடித்துவிட்டு, பாயிலிருந்து எழுந்து வந்து குழி ஓரத்தில் நின்றார். அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. ஒரு கட்டத்தில், "ஓரத்தை நேராப் புடிங்கம்மா, சரியிது" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வெயில் சாய்ந்தபோது டேப்பை இறக்கினார். நடுத்திட்டின் தலையிலிருந்து கீழே வரை. இரண்டாம் முறை இறக்கினார். வேறு பக்கத்தில் வைத்து மூன்றாம் முறையும் இறக்கினார். ஒரு நாளுக்கு எதிர்பார்க்கிற ஆழத்தைவிட ஜாஸ்தி. நோட்டில் எழுதிவிட்டு, "வேலையை நிறுத்தச் சொல்லி எழுத மாட்டேன்" என்றார். பெண்கள் போட்ட கூச்சலில் கரைமேல் மேய்ந்த ஆடுகள் ஓடின. ஆனால் அந்த ஆறு நாளுக்கு அவர் முழு அளவு போட முடியாது என்றார். கண்ணால் பார்த்த பொறுப்பானவர் யாராவது எழுதிக் கொடுத்தால் போடலாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை என்னைப் பார்த்தார். காலையில் கவனிக்கவில்லை என்று சொன்னவள் சாயங்காலம் எப்படிப் பார்த்தேன் என்று சொல்வது? குடையை மடக்குவதில் மும்முரமாக இருந்தேன். பாதிதான் போட்டார்; கூலியும் பாதிதான் வந்தது. அந்தப் பாதிக்காக ஊரில் அண்ணியைப் பேசாத வாய் இல்லை. "உன் சுத்தத்துல தீய வெக்க" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டார். அவர் வாங்கிக்கொண்ட ஏச்சில் சரிபாதி எனக்குச் சேரவேண்டியது. அதை எந்த நோட்டிலும் யாரும் எழுதவில்லை.

ஓவர்சியர் புறப்பட்டதும், பழக்கதோஷத்தில் ஒரு பெண் நடுத்திட்டை வெட்டப் போனாள். அண்ணி அவள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். "இத இனிமே யாரும் தொடக் கூடாது. நானே வந்து சொன்னாலும் தொடாதீங்க" என்றார். அடுத்த கோடையிலும் அதைச் சுற்றியே வெட்டினார்கள். அதற்கடுத்த கோடையிலும். திட்டு இப்படித்தான் தோள் உயரம் வந்தது.

அதற்குப் பிறகு அண்ணி என் வாழ்க்கையைச் சுலபமாக்கினார் என்று சொல்ல முடியாது. அந்தப் புளியமரத்தடியில் வாரம் ஒருநாள் பெண்கள் கூட ஆரம்பித்தார்கள். படிக்கத் தெரிந்த மருமகள்களில் ஒருத்தி நூறு நாள் வேலைச் சட்டத்தை உரக்கப் படிப்பாள், அண்ணி ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்பார். ஏன் என்று கேட்காமல் திட்டை மட்டம் செய்த தவறு அவரை அப்படி மாற்றியிருந்தது. ஒருநாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்து மேசைக்கு எதிரே நின்றார். பின்னால் வாசல்வரை வரிசை. "வேல கேட்டு மனு குடுத்தா தேதி போட்டு ரசீது தரணுமாம். குடு" என்றார். வீட்டில் பேசிக்கொள்ளலாம் அண்ணி என்றேன். "வூட்டுல நீ என் தம்பி பொண்டாட்டி. இங்க நீ செயலரு. ரசீது குடு." முத்திரைக்கு மை காய்ந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் சின்னசேலம் போய், மைப்பெட்டியும் ஒரு குப்பி மையும் வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தார். வைத்த கையோடு, மேசையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். அன்று ஒவ்வொருவருக்கும் தேதி போட்டு முத்திரை குத்தினேன். தேதி போட்ட ரசீது கையில் இருந்தால் வேலை தராமல் இழுத்தடிக்க முடியாது என்பது மேலே இருந்தவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அதுவரை மை காய்ந்தே இருந்தது.

எங்கள் ஊரோடு அவர் நிற்கவில்லை. வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி மலைமேல் கிராமங்களுக்குப் போவார். அங்கே ஓடைக்குக் கரை கட்டுகிற பெண்களிடம் தன் தவறிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவாராம். "நான் ஒரு முட்டாளு. மட்டம் பண்ணிப்புட்டன். நீங்க பண்ணாதீங்க." கூடப் போனவர்கள் வந்து சொல்லுவார்கள். தன் முட்டாள்தனத்தை அவர் அத்தனை ஊர்களில் வாய்விட்டுச் சொன்னார். என்னுடையதை நான் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கடைசியில் சொன்னேன். அவருக்குக் கால்களில் நீர் கோத்து, கூடை தூக்க முடியாமல் முன்னறைக் கட்டிலில் படுத்துவிட்ட சமயம். மத்தியானம் சோறு கொண்டுபோனேன். அதற்குள் எங்கள் அடுப்புச் சோற்றுக்கு அவர் இறங்கி வந்திருந்தார். தட்டை மட்டும் திருப்பிப் பார்ப்பார். தட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணி, அன்னிக்கு நீங்க திட்ட எடுக்கும்போது நான் கரமேல நின்னு பாத்துகினு இருந்தேன். அது எதுக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லல" என்றேன். அவர் நிதானமாக ஒரு வாய் சாப்பிட்டார். "தெரியும். உன் கொடை தெரிஞ்சிது. ஓவர்சியரு கேட்டப்ப உன் மூஞ்சியும் தெரிஞ்சிது" என்றார். இவ்வளவு காலம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கொழம்புச் சட்டிதான?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழுகையைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. "அளுது இன்னா ஆவப்போவுது? இன்னொரு வாட்டி எவனாவது வந்து கேப்பான். அப்ப வாயத் தொற" என்றார். அந்த மழைக்காலத்தில் போய்விட்டார். அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது.

போன மாதம் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் ஏரியை ஆழப்படுத்தும் வேலையை இந்த முறை இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதே ஏரியில் வேலை கேட்டு எங்கள் பெண்கள் கொடுத்த மனுக்கள் என் மேசையில் இருந்தன. தேதி போட்டு ரசீதும் கொடுத்திருந்தேன். ஓட்டுநரின் போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். இயந்திரம் திட்டுக்குப் பத்தடி தள்ளி வாயைத் திறந்தபடி நின்றிருந்தது. திட்டை மட்டம் செய்தால் என்ன ஆகும் என்பது இந்த முறை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷமாகப் பெண்கள் வெட்டிய ஆழம் முழுவதையும் இந்த வாரம் இயந்திரம் வெட்டியதாக எழுதிவிடலாம். மறுத்துச் சொல்ல ஏரியில் எதுவும் மிஞ்சியிருக்காது. எனக்கு முன்பே பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். திட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அன்று பத்துப் பத்துப் பேராகக் கடப்பாரை பிடித்தவர்களில் பலர் இப்போது நரைத்திருக்கிறார்கள். நடுவே அவர்களுடைய மருமகள்கள். ஓட்டுநர் தம்பி பாவம், நிழலில் நின்று அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. பொறியாளர். ஏரியில் தடை எதுவும் இல்லை என்று செயலர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்றார்.  பழைய வழக்கம் நாக்கின் நுனிவரை வந்தது. 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்ல மேலே இருந்தே பேசுகிறார். அவர் பொறுமை இழந்து கேட்டார். "அங்க திட்டு ஏதோ இருக்குன்னு சொல்றாங்களே. இருக்கா, இல்லையா?"

"இருக்குது சார்" என்றேன். "பழைய தரை அதுதான். அங்கருந்து கீழ இருக்கிறது மொத்தமும் எங்க பொம்பளைங்க வெட்டுனது. பக்கத்துலயே நின்னு பாத்துட்டுதான் சொல்றன். அதயே எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பறன்."

 பொறியாளர், தானே நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வதாகவும், அதுவரை யாரும் எதையும் தொடக் கூடாது என்றும் கடுமையாகச் சொன்னார். குரலில் இருந்த கோபம் எனக்கு நல்லதில்லை என்று தெரிந்தது. புளியமரத்தடியில் யாரோ கோரைப்பாயை உதறும் சத்தம் கேட்டது. எண்ணினேன், நாலு முறை.

"வாங்க சார்" என்றேன். "பாய் போட்டிருக்கோம்."